நடைபாதையில் உன் அம்மாவின் பெயர்

வணங்குவோர் தலைமேல் வைத்த திருவடியை ஒருபோதும் எடுக்காதவளே, கப்பலின் அடித்தட்டில் வந்த எளியவர்களோடு தானும் வந்து, மூங்கில் கூரையின் கீழும் முகம் சுளிக்காமல் அமர்ந்தவளே, அங்கயற்கண் அம்மையே! சினத்தோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அறம் தவறிய சொல் ஒன்றும் என் பேனாவிலிருந்து விழாமல் காத்தருள். விழுந்துவிட்டால், பெற்ற மனத்தின் பிதற்றல் என்று பொறுத்தருள். உன் திருவடியே துணை.

அன்பு மகன் கதிரேசனுக்கு, ரங்கூன் தின்கன்ஜூன் வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மருமகளும் பேத்தியும் நலமென்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசித் தீர்க்க வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன், அதையும் ஏன் நம் கோயில் ஆண்டு மலரில் ஊரறிய அச்சிடக் கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் ஒரு நியாயத்தை எடுத்து வைத்து, அதற்கு ஆதாரம் சொல்லி, முடிவுக்கு வரும் தறுவாயில் இங்கே மின்சாரம் போய்விடுகிறது. மறுபடி இணைப்பு வரும்போது நீ நான் சொன்னது ஒன்றும் காதில் விழாதவன்போல், “அப்பா, செங்கல் விஷயம்?” என்று முதலிலிருந்து தொடங்குகிறாய். அச்சில் ஏறியதை அப்படி அறுக்க முடியாது. தவிர, இந்த மலரைப் படிப்பவர் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. அந்தத் தகப்பன்மாரும் நான் படும் பாட்டைத் தெரிந்துகொள்ளட்டும்.

விஷயத்தை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகன் அமெரிக்காவில் எமலைன் என்றொரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அந்த ஊர் உண்டானதன் ஆண்டு நிறைவு விழா இப்போது நடக்கிறது. பழைய இரயில் நிலையத்தின் முன்னால் உள்ள நடைபாதையைப் பெயர்த்தெடுத்து, ஊராரின் பெயர்களைப் பொறித்த செங்கற்களால் புதிதாகப் பாவப் போகிறார்கள். அவற்றுள் ஒன்றில் என் மனைவி மீனாட்சியின் பெயரைப் பொறிக்க அவ்வூரார் விரும்புகிறார்கள். அவள் அங்கே போன இடத்தில், மகன் வீட்டில், காலமானவள். செங்கல் சூளையில் வெந்து தயாராக இருக்கிறது; பெயர் மட்டும் வெட்டவில்லை. நான் “சரி” என்று சொன்னால் வெட்டுவார்கள். பனி இறங்கித் தரை இறுகுவதற்குள் பாவி முடிக்க வேண்டுமாம். இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் மாட்டேன் என்றேன். அம்பிகையின் பெயரைத் தாங்கியவளின் பெயரைத் தரையில் பதித்து, அதன்மேல் ஊரார் செருப்புக் காலோடு நடப்பதாம். அதற்குப் பெயர் மரியாதையாம். இதைக் கேட்டு எந்தக் கணவன் “சரி” என்பான்?

கதிரேசா, உனக்கு நினைவிருக்கிறதா? நீ சிறுவனாக இருந்தபோது நம் வீட்டு வாசலில் கிடந்த பழைய செய்தித்தாள் துண்டை மிதித்துவிட்டாய். பர்மிய எழுத்து, அவித்த கடலை கட்டி வந்த தாள். உன் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, உன்னைக் குனிய வைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் செய்தாள். “இது கடலைக் காயிதம்தானம்மா” என்று நீ வாதாடினாய். “எழுத்துன்னா எழுத்துதான்டா. தமிழ் எழுத்து, பர்மா எழுத்துன்னு சரஸ்வதி பிரிச்சா வச்சிருக்கா?” என்றாள் அவள். நீ ஒற்றிக்கொண்டாய், கடலைத் தோல் கண்ணில் விழுந்து அழுதாய். அவ்வளவு பாடம் சொன்னவளின் பெயரையா, அதே எழுத்தில் பொறித்து, அதே தரையில் போடுவாய்? இந்த ஒரு கேள்விக்கு நீ இன்னும் விடை சொல்லவில்லை. “அங்க அப்படி இல்லப்பா” என்கிறாய். அது விடையாகாது. எந்த நாட்டிலும் கால் கால்தான், தலை தலைதான்.

என் எரிச்சலுக்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் உன் வீட்டில் இருந்த மாதங்களில் நீ ஓய்வு கிடைத்த போதெல்லாம் எனக்கு எமலைனின் வரலாற்றைப் பாடம் நடத்தினாய். பழைய நீராவி எஞ்சின்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்கும். ஆகையால் இரயில் பாதை போட்டவர்கள் ஓடை குறுக்கிட்ட இடத்தில் ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டிக்குக் காவலாய் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடை, கடைக்கு எதிரே ஒரு தேவாலயம் என்று ஊர் உண்டாயிற்று. பாதையை அளந்த பொறியாளர் வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குத் தம் மகளின் பெயரை எழுதினாராம். அந்தப் பெண் தன் ஆயுளில் ஒருமுறைகூட அந்த ஊரை எட்டிப் பார்க்கவில்லையாம். பிறகு சோளக் களஞ்சியம், தங்கும் விடுதி, விடுதி எரிந்த கதை, பழம் அடைக்கும் ஆலை, ஆலை மூடிய கதை, ஊரை ஒதுக்கிவிட்டுப் போன நெடுஞ்சாலை, நின்று போவதை நிறுத்திவிட்ட இரயில். எல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். நல்லது. வாழும் ஊரை அறிந்துகொள்வது நற்பண்பே. ஆனால் உன் கொள்ளுப்பாட்டனார் இந்த ரங்கூனில் எந்தத் துறையில் இறங்கினார், எந்த இரயில் பாதைக்குக் கல் உடைத்தார் என்று நான் கேட்டபோது, “ஏதோ ரயில்வேலதானே?” என்றாய். எமலைனின் தண்ணீர்த் தொட்டியைக் கட்டியவர் யாரென்று தெரிந்தவனுக்குத் தன் வீட்டு முதல் மனிதர் “ஏதோ.” அன்று உன் பேச்சைக் கேட்டு என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது, என் மனம் ஆறவில்லை.

அந்த ஊரின் அன்றாட வாழ்க்கையையும் எழுதிவிடுகிறேன். எதனோடு நான் மல்லுக்கு நிற்கிறேன் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு பெருந்தெரு. அதில் மகனின் மருந்துக்கடை, ஒரு ரொட்டிக்கடை, விதையும் தீவனமும் விற்கும் கடை, ஒரு முடிதிருத்தகம், பாதி மூடிய கடைகள். வீட்டுக் கதவை யாரும் பூட்டுவதில்லை. ஆனால் தொலைபேசியில் சொல்லாமல் யாரும் எவர் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. பூட்டாத கதவுக்கு அப்புறம் என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வண்டியில் எதிரே வருபவர், அறிந்தவரோ அறியாதவரோ, வண்டி ஓட்டும் சக்கரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார், அதுதான் வணக்கம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்பார்கள், என் முழங்காலைப் பற்றி நான் சொல்லத் தொடங்குமுன் போய்விடுவார்கள். புல்லை வெட்டுவதும், வெட்டிய புல் வளர்ந்ததும் மறுபடி வெட்டுவதும் அவர்களுடைய நித்திய கர்மம். மாடு இல்லாத வீட்டில் எதற்குப் புல் என்று கேட்டேன், நீ சிரித்தாய். நண்பகலில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு தவறாமல் ஊதும். தீ எங்கே என்று முதல் நாள் நான் வாசலுக்கு ஓடினேன். தீ இல்லை, சங்கு கெடவில்லை என்று பார்க்கிறார்களாம். உன் அம்மா மட்டும் அசையவே இல்லை. ரங்கூன் அலோனில் துறைமுகச் சங்கைக் கேட்டு வளர்ந்தவள் அவள். “சங்கு ஊதிருச்சு, வந்து சாப்பிடுங்க” என்று தட்டை வைத்துவிட்டாள். அன்றே அந்த ஊர் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை அவ்வூரில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அவள்தான் முதலில் பொருட்படுத்தாமல் இருந்தாள். பக்கத்து வீட்டில் டோரதி என்ற விதவை அம்மையார். பழைய இரயில் நிலையம் இப்போது ஊரின் அருங்காட்சியகம். அதைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். வயதில் மூத்த பெண்மணியை வெறும் பெயர் சொல்லி அழைக்க உன் அம்மாவுக்கு நா எழவில்லை. மூத்த பெண்களுக்கு “டோ”, ஆண்களுக்கு “கோ” சேர்க்கும் நம் ஊர் பர்மிய வழக்கப்படி “டோ டோரதி” என்றாள். இரட்டை இடி இடித்தது போலிருந்தாலும் அந்த அம்மையாருக்கு அது பிடித்துப்போயிற்று. தம் பெயரை மற்றவர்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று தேவாலயத்தில் அறிவித்தாராம். கடிதம் கொண்டுவரும் வால்ட் “கோ வால்ட்” ஆனார். பிற்பகல்களில் உன் அம்மாவும் டோரதி அம்மையாரும் ஆளில்லாத நிலையத்து மேடையில் உட்கார்ந்து, நிற்காமல் போகும் சரக்கு வண்டிக்குக் கையசைப்பார்கள். ஒருத்தி தமிழும் பர்மியமும் கலந்து பேசுவாள். மற்றவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். என்ன பேசினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “அவங்க மருமகளப் பத்திச் சொன்னாங்க, நான் நம்ம மருமகளப் பத்திச் சொன்னேன்” என்றாள். புரிந்ததா என்றேன். “இதுக்கெல்லாம் மொழி வேணுமா?” என்றாள்.

இப்போது கோலத்தின் கதை. விடிந்ததும் உன் வீட்டு வாசலில், தெருவோர நடைபாதைவரை நீளும் சிமெண்டுத் தரையில், அரிசி மாவால் அவள் கோலம் போட்டாள். முதல் நாளே கோ வால்ட் வந்தார்; கோலத்தைப் பார்த்தார்; நின்றார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஈரப் புல்வெளியில் இறங்கிச் சுற்றி வந்து, கடிதங்களைப் போட்டுவிட்டு, வந்த வழியே சுற்றிப் போனார். மறுநாளும் அப்படியே. ரொட்டிக்கடைப் பெண்ணும் அப்படியே. டோரதி அம்மையாரோ கோலத்தைப் பார்த்ததும் தம் வீட்டுக்குத் திரும்பிப்போய்ப் பின்வாசல் வழியாக வந்தார். நான் மகிழ்ந்தேன். பிற நாட்டார் ஆயினும் என்ன பண்பு, என்ன பக்குவம் என்று வியந்து, மங்கலப் பொருளை மிதிக்கலாகாது என்பதை யாரும் சொல்லாமலே உணர்ந்திருக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். உன் அம்மாவின் முகம் கறுத்தது. அவளுடைய கோபம் என் கோபத்தைப் போன்றதன்று. அபூர்வமாய் வரும், வந்தால் வீடு நடுங்கும். “பெரிய பக்குவத்தக் கண்டீங்க. கோலம் எதுக்குப் போடறது? வாங்கன்னு சொல்லத்தானே? சாயங்காலம் வரைக்கும் போட்டது போட்டபடி கெடந்தா, இந்த வீட்டுக்கு ஒரு மனுசன் வரலன்னு அர்த்தம். பாக்கவே சகிக்கல” என்றாள்.

மறுநாள் அவள் வாசலில் காத்திருந்தாள். கோ வால்ட் வழக்கம்போல் புல்லில் இறங்கினார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, கோலத்தின் நடுவில், தாமரை விரிந்த இடத்தில், நிறுத்தினாள். அந்த மனிதர் தீயில் நிற்பவரைப்போல் நின்றார். “நில்லுங்க. அதான். இப்ப நடந்து உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றாள் தமிழில். அவர் நடந்தார். அவருடைய காலணித் தடம் கூடத்துத் தரைவரை மாவாய்ப் பதிந்தது. அதை அவள் துடைக்கவில்லை. என்னையும் துடைக்க விடவில்லை. அன்றிலிருந்து ஊரே அதன்மேல் நடந்து வந்தது. நான் அதைப் பெண்பிள்ளைப் பிடிவாதம் என்று எண்ணி அப்போதே மறந்துவிட்டேன். இங்கே அதை ஏன் எழுதினேன் என்று பின்னால் தெரியும்.

அந்த வசந்தத்தில் அவள் போனாள். அதை எழுதப் போவதில்லை. நீயும் நானும் அறிவோம். எழுத வேண்டியது மறுநாள் நடந்தது. அவ்வூர் வழக்கப்படி, இழவு வீட்டுக்கு ஒவ்வொரு வீட்டாரும் மூடிய பாத்திரத்தில் உணவு கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, சோளம். எதில் இறைச்சி இருக்கிறது எதில் இல்லை என்று டோரதி அம்மையார் வாசலிலேயே நின்று முகர்ந்து பார்த்துப் பிரித்து வைத்தார். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஓர் ஒட்டுத்தாள். அதில் கொண்டுவந்தவரின் பெயர். கழுவித் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் பொருள். நீ மறுநாளே திருப்பித் தரப் புறப்பட்டாய். தீட்டுள்ள வீட்டிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகலாகாது, காரியம் முடியட்டும் என்று நான் தடுத்தேன். அந்த நாட்களில் ஊரில் பாதி வீடுகளில் சமைக்கப் பாத்திரம் இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. ரொட்டிக்கடைப் பெண் மட்டும் மருமகளிடம், வாணலியில் கேக் செய்ய வருமா என்று சோதித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாளாம். காரியம் முடிந்தபின் வெறும் பாத்திரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புளிச்சோறும் சுண்டலும் செய்து, ஒவ்வொன்றிலும் நிரப்பி, நானே உன்னோடு வீடு வீடாக வந்து கொடுத்தேன். அவர்கள் திகைத்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பாத்திரங்கள் மறுபடி நிறைந்து வந்தன. நான் மறுபடி நிரப்பினேன். நான் விமானம் ஏறும் நாள்வரை இது ஓயவில்லை. கேட்டால், இன்னும் ஓயவில்லை என்கிறாய். மருமகள் என்னைத் திட்டுவது எனக்குத் தெரியும்.

அஸ்தியை இங்கே கொண்டுவந்து, அலோன் பக்கத்து ஆற்றில் கரைத்தேன். அவள் பிறந்த கரை. நம் முறைப்படி அது நிறைவு. கரைத்தபின் அடையாளம் தேடலாகாது. உடல் ஐம்பூதத்தில் சேர்ந்தது, உயிர் அடிநிழல் சேர்ந்தது, அவ்வளவே. இப்படி நான் மனத்தைத் தேற்றி முடித்திருந்தபோதுதான் உன் செங்கல் வந்தது. முதல் முறை மறுத்தேன். இரண்டாம் முறை நீ டோரதி அம்மையாரையே பேச வைத்து, தமிழில் பெயர்த்துச் சொன்னாய். “எங்கள் ஊரின் பெயரே ஒரு பெண்ணின் பெயர். நாங்கள் எல்லாரும் நாள்தோறும் அவள்மேல்தான் நடக்கிறோம். அவளோ இங்கே வந்ததே இல்லை. மீனாட்சி வந்தாள்” என்றார். வாதத்தில் தோற்கும்போது வருகிற கோபம் மிகவும் கெட்டது. “மாட்டேன்” என்றேன்; மின்சாரம் போய்விட்டது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மின்சாரம் இருந்தது.

எனக்கு ஆதரவு தேடிக் கோயிலுக்குப் போனேன். அறங்காவலர் கோ முத்தையாவிடம் முறையிட்டேன். கியாக்டடாவில் துணிக்கடை வைத்திருப்பவர், சாத்திரம் அறிந்தவர், என் பக்கம்தான் பேசுவார் என்று நம்பினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரியவர்களை அழைக்கும் பர்மிய மரியாதையோடு, “ஸயாஜி, நீங்க எதுமேல நிக்கிறீங்க, பாத்தீங்களா?” என்றார். குனிந்து பார்த்தேன். மண்டபத்துத் தளக் கல். திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களில் என் பாட்டனார் பெயர். “குடும்பத்தார்” என்று அதன் பக்கத்தில் ஒரு சொல். எழுத்து முக்கால் தேய்ந்திருந்தது. நான் சிறு வயதிலிருந்து அதன்மேல் நின்றுதான் பதிகம் பாடுகிறேன். அடியார் கால் தூசி தம்மேல் படட்டும் என்றுதானே அந்த எளிய மனிதர்கள் தங்கள் பெயரைச் சுவரில் எழுதாமல் தரையில் எழுதினார்கள் என்றார் அவர். நான் விடவில்லை. இங்கே வெறுங்காலோடு வருகிறார்கள். சிவநாமம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அங்கே சேறும் பனியும் உப்பும் அப்பிய காலணியோடு, ரொட்டி வாங்கப் போவார்கள். இரண்டும் ஒன்றா என்றேன். “நான் துணி விக்கிறவன். சொன்னத எடுத்துக்கிட்டா எடுத்துக்குங்க, இல்லன்னா மடிச்சு வச்சிட்டுப் போங்க” என்று அவர் தீபாராதனைக்குப் போய்விட்டார். நான் வாதத்தில் வென்றுவிட்டதாகவே எண்ணிப் பேருந்து ஏறினேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு டோ கின் துடைப்பத்தோடு நின்றிருந்தார். நம் வாசலையும் அவர்தான் பெருக்குகிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நன்றி சொன்னேன். அவர் பர்மியத்தில், தமக்கு அதனால் ஒரு சிரமமும் இல்லை, பெருக்க அங்கே ஒன்றுமே இல்லை என்றார். உன் அம்மா இருந்தபோது மாவும் காலடியும் ஒரே குப்பையாய்க் கிடக்கும், இப்போது இந்த வாசல் சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் தாம் தூங்கப் போவதாகச் சொன்னார். நான் கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றேன். உன் அம்மா என் முன்னால் வந்து நின்று, எமலைன் சாப்பாட்டு மேசையில் சொன்னதை மறுபடி சொன்னதுபோல் இருந்தது. மிதிபடாத வாசல் அவளுக்குச் சகிக்கவில்லை. கடலைத் தாளை மிதித்தவனைக் குனிய வைத்தவளும் அவள்தான்; கோலத்தை மிதிக்காதவரை இழுத்து நிறுத்தியவளும் அவள்தான். தெரியாமல் மிதிப்பது வேறு, வரவேற்க விரித்ததன்மேல் வந்து நிற்பது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை பதிகமும் புராணமும் ஓதிய எனக்கு, அதைச் சொல்ல டோ கின்னின் துடைப்பம் வேண்டியிருக்கிறது. இந்த உலகில் மீனாட்சி என்ற பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்றும் எண்ணிப் பார்த்தேன். கோயில் கல்லில் அவள் “குடும்பத்தார்.” ஆற்றில் அதுவும் இல்லை.

ஆகையால், மகனே, வெட்டச் சொல். இதை நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன் என்று எண்ணாதே. எரிச்சல் தீரவில்லை, அதைத் தீர்க்கும் பொறுப்பு உன்னுடையது. அவள் பெயரை முழுதாக வெட்ட வேண்டும்; ஊரார் வாய்க்கு எளிதென்று “மீனா” என்று சுருக்கினால் நான் அந்தச் செங்கல்லைப் பெயர்த்தெடுக்க முழங்காலோடு புறப்பட்டு வருவேன். உனக்குக் கதிரேசன் என்று வைத்த பெயர் “கேரி” ஆகி மருந்துக்கடைச் சட்டையில் தொங்குவதைப் பொறுத்தேன். இதைப் பொறுக்க மாட்டேன். பாவும் நாளில் நீ காலணியைக் கழற்றிவிட்டு நில். குளிரும், நிற்கலாம். பேத்தியை முதலில் நடக்கச் சொல். பெயர் யாருடையது என்று அவள் கேட்பாள். அப்போதாவது உன் கொள்ளுப்பாட்டனார் வந்திறங்கிய துறையிலிருந்து தொடங்கிச் சொல். தெரியாவிட்டால் என்னைக் கேள். அதற்கு மட்டும் மின்சாரம் போகாது.

இன்னொன்று. உயிரோடிருப்பவர்களும் அங்கே தம் பெயரில் செங்கல் பதிக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். என் பெயரிலும் ஒன்று வெட்டச் சொல். அதை அவள் பக்கத்தில் வைக்க வேண்டாம், இது அலங்காரத்துக்கன்று. நிலையத்தை நோக்கி வருபவர் அவளிடம் வருவதற்குமுன் கால் வைக்கும் இடத்தில், ஓரடி முன்னால், என்னைப் பதிக்கச் சொல். பனியும் சேறும் உப்பும் முதலில் என்மேல் உதிரட்டும். கோ வால்ட்டும் டோ டோரதியும் ரொட்டிக்கடைப் பெண்ணும் காலை என்மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு, பிறகு அவள்மேல் நடந்து வரட்டும். வாழ்ந்த காலத்தில் வாசலில் நின்று வந்தவரை அழைத்தவள் அவள். உள்ளே உட்கார்ந்து சொற்பொழிவு செய்தவன் நான். இனியாவது நான் அவளுக்கு முன்னால் வாசலில் கிடக்கிறேன்.

கதிரேசா, உன் கடை நோய் தீர்க்கும் கடையாகவே என்றும் விளங்குக. மருமகள் மஞ்சள் குங்குமத்தோடு, அடுப்பு அணையாமல், பாத்திரம் வெறுமையாகாமல் வாழ்க. பேத்தி கல்வியும் அறமும் பெற்று வளர்க. இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் அங்கயற்கண் அம்மையின் அருள் நிலைப்பதாக. வருபவர் கால் பட்டுப் பட்டு உங்கள் வாசற்படி நடுவில் குழிந்து தேய்க. அது ஒருபோதும் சுத்தமாய்க் கிடவாதிருப்பதாக.